முட்டி வலியும் முந்நூறு கிலோமீட்டரும்

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பொதுவான நம்பிக்கை உண்டு. நம் ஊர் தட்டை, அதனால் முட்டிக்குப் பாதுகாப்பு. கோயம்புத்தூர்க்காரர்கள் மருதமலை, கோத்தகிரி என்று ஏறி இறங்குகிறார்கள், போனால் அவர்களுக்குத்தான் முட்டி போகும். நமக்கு இருக்கும் ஒரே ஏற்றம் முட்டுக்காடு பாலம். அதுவும் மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவளம் டீக்கடை முன்னால் முட்டியைத் தடவிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் நம்ப முடியவில்லை.

மலையில் ஓட்டுகிறவருக்கு இறக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஏறி முடித்தால் பெடலைச் சும்மா வைத்துக்கொண்டு இறங்கலாம். ஏறும்போதும் வளைவுக்கு வளைவு எழுந்து நிற்கிறார், கியர் மாற்றுகிறார், சீட்டில் முன்னும் பின்னும் நகர்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதெல்லாம் கிடையாது. திருவான்மியூரில் ஏறி உட்கார்ந்தால் மாமல்லபுரம் வரை ஏறக்குறைய 45 கிலோமீட்டருக்கு ஒரே கியர், ஒரே குனிவு, முட்டிக்கு ஒரே கோணம். ஓய்வு என்றால் சிக்னலில் கிடைப்பதுதான். உத்தண்டி தாண்டினால் அதுவும் குறைவு. நிமிடத்துக்கு 90 சுற்று என்று வைத்தால் மணிக்கு 5,400. நான்கு மணி நேரம் ஓட்டினால் ஒவ்வொரு முட்டியும் 21,600 முறை மடங்கி நீள்கிறது. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு 21,600 என்று சித்தர் மரபில் ஒரு கணக்கு உண்டு. கால்குலேட்டரில் அதே எண் வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாள் மூச்சு மொத்தத்தையும் முட்டி காலை டிபனுக்கு முன்பே செலவழித்துவிடுகிறது.

அப்புறம் காற்று. மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். நெம்மேலி, பட்டிபுலம் என்று ஊர்கள் பறக்கும்; 34, 35 வேகம் சர்வ சாதாரணமாக வரும்; எல்லோருக்கும் தான் கொஞ்சம் தேறிவிட்டதாக ஒரு நினைப்பு. மாமல்லபுரத்தில் திரும்பியதும் அதே காற்று முகத்தில் அறையும். வேகம் 22-க்கு வந்துவிடும். ஆனால் கியரை மட்டும் யாரும் இறக்க மாட்டோம். முன்னால் 50 பல், பின்னால் 15 பல்லில் வைத்து 30 வேகத்தில் போனால் கால் நிமிடத்துக்கு 71 முறை சுற்றுகிறது. அதே கியரில் 22 வேகம் என்றால் 52 சுற்றுதான். ஒவ்வொரு சுற்றும் மாவாட்டுவது மாதிரி. முன்னால் சின்ன வளையத்துக்கு மாறி, பின்னால் 17 பல்லுக்குத் தள்ளினால் அதே 22 வேகத்தில் 87 சுற்று வரும், கால் லேசாகும். அதைச் செய்யாததற்கு இயந்திரக் காரணம் எதுவும் இல்லை. கூட வருகிறவர்கள் பார்க்கும்போது சமதரையில் சின்ன வளையத்துக்கு இறங்குவது கௌரவக் குறைச்சல், அவ்வளவுதான்.

இதில் கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஒரே உழைப்பை 60 சுற்றில் செய்வதற்குப் பதில் 90 சுற்றில் செய்தால், ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் விசை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மூச்சு கொஞ்சம் கூடுதலாக வாங்கும். ஆனால் மூச்சு வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்; முட்டி அப்படி இல்லை.

இவ்வளவும் ஓட்டும் முறை பற்றியது. எனக்கு வலி வந்த பிறகு புரிந்த விஷயம் வேறு. அது சென்னையின் பருவ காலம் பற்றியது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை. சாலையில் தண்ணீர் தேங்கி, எந்தப் பள்ளம் எங்கே என்று தெரியாமல், பாதிப் பேர் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே சாத்தி வைத்துவிடுவோம். மழை விட்டு, மார்கழிக் குளிர் வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெறி பிடிக்கும். வருஷத்திலேயே வியர்க்காமல் ஓட்டக்கூடிய சில வாரங்கள் அவைதான். போதாததற்கு பிரெவே எனும், நேரக் கெடு வைத்த நீள்தூர ஓட்டங்களும் அந்தச் சமயத்தில்தான் வரிசை கட்டும். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில், 300-ஐ 20 மணி நேரத்தில், 400-ஐ 27 மணி நேரத்தில், 600-ஐ 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் சூப்பர் ராண்டனர். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் 2027-இல் மறுபடி வருகிறது என்பதால் அந்தப் பட்டத்துக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. ஆக, சும்மா கிடந்த கால் ஒரே மாதத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தூரத்துக்குப் போகிறது. மார்கழியில் ஏற்றுகிறோம், தையில் நொண்டுகிறோம். வருடா வருடம் இதேதான்.

ஏன் நொண்டுகிறோம் என்றால், உடம்பின் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசையும் ஓரளவு சீக்கிரம். தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களும், முட்டிச் சில்லுக்குப் பின்னால் இருக்கும் குருத்தெலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூச்சு எக்ஸ்பிரஸ், தசைநாண் பாசஞ்சர். ஓட வேண்டியதோ ஒரே தண்டவாளத்தில். மூச்சு வாங்கவில்லை, தொடை எரியவில்லை, இன்னும் இருபது கிலோமீட்டர் போகலாம் என்று தோன்றும்போதெல்லாம் முட்டியிடம் யாரும் கேட்பதில்லை. அதுவும் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது.

என் முட்டி ஒரு திங்கட்கிழமை சொன்னது. திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கும்போது வலது முட்டியின் முன்பக்கம், சில்லுக்குச் சற்றுக் கீழே, உள்ளே யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல ஒரு வலி. ஏறும்போது ஒன்றுமில்லை. ஓட்டும்போதும் ஒன்றுமில்லை. இறங்கும்போது மட்டும், வலது கால் மடங்கி உடம்பின் எடையை மெதுவாகக் கீழே விடும் அந்த அரை நொடியில். பின்னால் வந்த கல்லூரிப் பையன் ஒருவன் ‘அங்கிள், லிஃப்ட் அந்தப் பக்கம்’ என்றான். அந்த வாரம் முழுவதும் கவனித்தேன். நீண்ட மீட்டிங் முடிந்து நாற்காலியிலிருந்து எழும்போது அதே அழுத்தம். தியேட்டரில் காலை நீட்ட இடமில்லாத வரிசையில் மாட்டிக்கொண்டு இடைவேளைக்காகக் காத்திருந்தேன். பிற்பாடு தெரிந்தது, சில்லைச் சுற்றி வரும் இந்த வகை வலிக்கு ‘சினிமா முட்டி’ என்று மருத்துவர்களிடம் ஒரு செல்லப் பெயரே இருக்கிறதாம். முட்டி மடங்க மடங்க, சில்லு தொடை எலும்போடு அழுத்தப்படுகிறது, நீட்டினால் தளர்கிறது. உட்கார்ந்தே இருந்தால் வலிப்பதும், எழுந்து நாலடி நடந்தால் விடுவதும் அதனால்தான்.

வலி எங்கே என்பது முக்கியம். விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. சைக்கிள்காரர்களுக்குத் தோராயமான ஒரு வரைபடம் இருக்கிறது. முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாகவோ ரொம்ப முன்னால் தள்ளியோ இருக்கலாம், அல்லது கனமான கியரை மிதிக்கிறோம். பின்பக்கம், மடிப்பில் வலித்தால் சீட் உயரம் அதிகமாகி கால் எட்டிப் பிடிக்கிறது. உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் ஷூவுக்கு அடியில் இருக்கும் கிளீட் பாதத்தை இயல்புக்கு மாறாகத் திருப்பி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முட்டி வீங்கினாலோ, மடக்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று நழுவினாலோ இந்த வரைபடத்தை ஓரம் வைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் போய்விடுவது நல்லது.

ஊரில் யாருக்கு முட்டி வலி என்றாலும் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. அம்மா அன்று இரவே பிரண்டைத் துவையல் அரைத்துவிட்டார். ‘நாப்பது தாண்டியாச்சு, இன்னும் என்னடா சின்னப் பையன் மாதிரி சைக்கிளு’ என்பது துவையலோடு இலவச இணைப்பு. மறுநாள் முடக்கத்தான் தோசை. வலி குறைந்ததோ இல்லையோ, இரண்டும் ஒன்றுக்கொன்று அருமையான ஜோடி. குழுவில் ஒருத்தர் ‘சீட்டை ரெண்டு மில்லி ஏத்துங்க’ என்றார். இன்னொருத்தர் ‘ரெண்டு மில்லி இறக்குங்க’ என்றார். இருவரும் அதே நம்பிக்கையோடு சொன்னார்கள்.

சீட் உயரத்தைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவதற்குப் பெரிய பாரம்பரியம் இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஐந்து முறை வென்ற எடி மெர்க்ஸ் 1969-இல் பிரான்ஸின் புளுவா நகரத்து ஓட்டக் களத்தில் விழுந்தார். அவருக்கு முன்னால் மோட்டார் வண்டி ஓட்டி வேகம் கொடுத்தவர் அந்த விபத்தில் இறந்துபோனார். மெர்க்ஸுக்கு இடுப்பும் முதுகும் அதன்பின் பழையபடி ஆகவில்லை. சீட்டை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே மிச்சக் காலத்தை ஓட்டினார், போட்டியின் நடுவிலேயே அலன் கீயை எடுத்துவிடுவார் என்பார்கள். அவருடைய ஐந்தில் நான்கு வெற்றிகள் அந்த விபத்துக்குப் பிறகு வந்தவை. ஆகவே சீட்டைத் திருகுவதில் தவறில்லை. ஆனால் அவர் திருகினால் அது மெர்க்ஸ். நாம் வாரா வாரம் திருகினால், எது வலியைக் கூட்டியது எது குறைத்தது என்ற தடயமே மிஞ்சாது.

உயரம் சரியா என்று பார்க்க எளிய வழி, சுவர் ஓரமாக சைக்கிளில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுவது. பெடல் அடியில் வரும்போது கால் நேராக இருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு வழக்கம் போல் முன்பாதத்தை வைத்தால் முட்டி கொஞ்சம் மடங்கி நிற்கும். அந்த மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் இருந்தால் போதும். கணக்கில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு அமெரிக்கப் பந்தயக்காரர் கிரெக் லெமாண்ட் பெயரால் புழங்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே மேலே இறுக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்கினால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க்கின் அச்சு நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் கால் என்றால் 70.6. ஷூவின் அடித் தடிமன், பெடலின் வகை இவற்றால் கொஞ்சம் முன்பின் ஆகும். நான் சீட் போஸ்ட்டில் வெள்ளை இன்சுலேஷன் டேப் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மாற்றம் செய்தால் குறைந்தது இரண்டு வாரம் வேறு எதையும் தொடுவதில்லை. அந்த டேப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. சில சைக்கிள்களில் சீட் போஸ்ட் தானாகவே வழுக்கி மில்லி மில்லியாக இறங்கும். கோடு காணாமல் போனால் தெரிந்துவிடும்.

பிசியோதெரபிஸ்ட்டிடம் போனபோது சைக்கிளையும் கொண்டுவரவா என்று கேட்டேன். ‘அது எதுக்கு சார்? போன்ல ஸ்ட்ராவா இருக்கில்ல, அதைக் காட்டுங்க’ என்றார். ஓட்டிய தூரத்தைப் பதிந்து வைக்கும் அந்த ஆப்பில் கடந்த சில மாதங்களின் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன். குட்டையாக நான்கைந்து கம்பங்கள், அப்புறம் திடீரென்று பனைமர உயரத்தில் நான்கு. அவர் அந்த இடைவெளியில் விரலை வைத்து, ‘இங்க என்ன ஆச்சு?’ என்றார். ‘மழை விட்டுச்சு’ என்றேன். எழுதிக்கொண்டார்.

முட்டி வலிக்கிறது என்றால் முழு ஓய்வு என்றுதான் நான் எதிர்பார்த்துப் போனேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. ‘தூரத்தைப் பாதியாக்குங்க, கியரை லேசாக்குங்க, ஆனா ஓட்டுங்க’ என்றார். முற்றிலும் நிறுத்தினால் வலி போகும், கூடவே தொடையின் பலமும் போகும். திரும்ப ஏறும்போது முன்பைவிடக் குறைந்த தூரத்தில் அதே வலி வந்து நிற்கும். அவர் கொடுத்த அளவுகோல் இன்றைக்கும் கைகொடுக்கிறது. வலிக்குப் பத்துக்கு மார்க் போட வேண்டும். ஓட்டும்போது 3 வரை போகலாம். முடித்த பிறகு கூடக் கூடாது. மறுநாள் காலையில் படி இறங்கும்போது முந்தின நாள் காலை இருந்த அளவுக்கே இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்த வாரத்துத் தூரம் உடம்புக்கு ஏற்றது, கொஞ்சம் கூட்டலாம். ஒன்று தவறினாலும் அடுத்த ரைடைக் குறைக்க வேண்டும். வலியே இல்லாமல் ஆகும்வரை காத்திருப்பதும் கிடையாது, வலியைப் பொறுத்துக்கொண்டு வீரம் காட்டுவதும் கிடையாது. எனக்கு இந்த நடுப்பாதை பிடித்திருந்தது.

ஸ்கேன் எடுக்கவா என்றும் கேட்டேன். குழுவில் எம்ஆர்ஐ எடுத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். ‘குருத்தெலும்பு தேய்வு, இரண்டாம் நிலை’ என்று தாளில் ஒரு வரி வந்ததும் சைக்கிளை விற்றவரும் உண்டு. வலியே இல்லாத, அடிபடாத முட்டிகளை ஸ்கேன் செய்தாலும், நாற்பதுக்கு மேல் கணிசமானவர்களிடம் இதே தேய்வு அடையாளங்கள் தெரிகின்றன. படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் என்று ஆகாது. வீக்கம், பூட்டிக்கொள்ளுதல் மாதிரி அறிகுறி இல்லாதவரை இப்போது வேண்டாம் என்றார். பணம் மிச்சம், அதைவிட நிம்மதி மிச்சம்.

பயிற்சிகள் என்று பார்த்தால் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல் உட்காருவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவது. எனக்கு உண்மையில் வேலை செய்தது படிப் பயிற்சிதான். மாடிப்படியின் கடைசிப் படியில் வலது காலில் நின்று, இடது குதிகாலால் தரையை மெல்லத் தொட்டுவிட்டு மேலே வர வேண்டும். மூன்று நொடி இறக்கம், தரையில் எடை வைக்கக் கூடாது, முட்டி உள்பக்கம் சரியாமல் பாதத்தின் இரண்டாவது விரல் பக்கமாகப் போக வேண்டும். கேட்கச் சுலபம். நூறு கிலோமீட்டர் ஓட்டுகிற கால் முதல் நாள் எட்டாவது தடவையில் நடுங்கியது. சைக்கிளில் முட்டி முழுவதும் நீளுவதும் இல்லை, எடையைத் தாங்கி இறக்குவதும் இல்லை. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அந்த ஒரு வேலைக்குக் கால் பழகவே செய்யாது. எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்து மாமி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘என்ன தம்பி, தினமும் படியில எதையோ தேடறேள்?’ என்று கேட்டுவிட்டார்.

சைக்கிளில் மாற்றியது இரண்டே இரண்டு. பின் சக்கரத்தின் பல்லடுக்கான காசெட்டில் 11 முதல் 28 பல் வரை இருந்ததை எடுத்துவிட்டு 11-34 போட்டேன். அதற்கு, செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டிரெய்லியர் நீளக் கையோடும் புதுச் செயினும் தேவைப்பட்டதால் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது. இன்னொன்று கிளீட். ஷிமானோ சாலைப் பெடலுக்கு மூன்று நிறத்தில் கிளீட் வரும்: சிவப்பில் பாதம் அசையவே அசையாது, நீலத்தில் 2 டிகிரி, மஞ்சளில் 6 டிகிரி வரை குதிகால் இப்படி அப்படித் திரும்பலாம். பந்தயக்காரர்களைப் பார்த்து நீலம் போட்டிருந்தவன் மஞ்சளுக்கு மாறினேன். கால் தனக்கு வேண்டிய கோணத்தைத் தானே தேடிக்கொள்கிறது. மற்றபடி ஜெல் சீட், காந்தப் பட்டி, முட்டி உறை என்று விற்கும் எதையும் வாங்கவில்லை. முட்டி உறை போட்டால் நன்றாக இருப்பது மாதிரித் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் கூடுதலாக இருபது கிலோமீட்டர் போவோம்.

வலி மாத்திரை பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். பிரெவே தொடங்குவதற்கு முன் ‘சேஃப்டிக்கு’ என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக் கூடியவை. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது அது இன்னும் ஆபத்து. நம் கடற்கரை வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் வியர்த்து ஓட்டுவதைவிட உடம்பில் தண்ணீர் குறைய வேறு வழி இருக்கிறதா? அதோடு, 3 மார்க்கா 7 மார்க்கா என்று சொல்ல வேண்டிய முட்டியின் வாயையும் கட்டியாகிவிட்டது.

பெர்னார் ஈனோ 1980-இல் டூர் டி பிரான்ஸில் மஞ்சள் ஜெர்சியோடு முன்னணியில் இருந்தபோது, பிரெனீஸ் மலைகள் தொடங்கும் முன் போ நகரத்தில் இரவோடு இரவாக விலகினார். காரணம் முட்டி. முந்தைய நாட்களில் மழையும் குளிரும் கல் பாவிய சாலைகளும். அடுத்த நாள் முதலிடத்துக்கு வந்த யோப் சூட்டமெல்க், ஈனோ விட்டுச்சென்ற மஞ்சள் ஜெர்சியை அணிய மறுத்தார். கடைசியில் பட்டத்தை வென்றது அவர்தான். ஈனோ என்ன ஆனார்? அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் சலான்ஷ் மலைப் பாதையில் உலகச் சாம்பியன் ஆனார். 1983-இல் மறுபடி முட்டி, அறுவை சிகிச்சை, அந்த ஆண்டு டூர் போச்சு. 1985-இல் ஐந்தாவது முறையாக டூரை வென்றார். அலுவலகம் போய்க்கொண்டு ஞாயிறு மட்டும் ஓட்டுகிற என்னைப் போன்றவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஏறும் திறமை எதுவும் இல்லை. ஆனால் மஞ்சள் ஜெர்சியையே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியும் என்றால், பதிவுக் கட்டணம் கட்டிய ஒரு பிரெவேயை விட்டுவிட முடியாதா என்ன?

நான் அந்தப் பருவத்தில் 300-ஐ விட்டேன். அடுத்த ஆண்டு மழைக் காலத்தில் சைக்கிளைச் சாத்தி வைக்கவில்லை. வீட்டுக்குள், சைக்கிளை நிற்க வைத்தே மிதிக்கும் டிரெய்னரில் வாரத்துக்கு இரண்டு நாள், விசிறியைப் பக்கத்தில் வைத்து, ஒரு மணி நேரம். அலுப்பான வேலைதான், சுவரையே பார்த்துக்கொண்டு ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் கம்பங்களுக்கு நடுவே அந்தப் பள்ளம் விழவில்லை. மார்கழியில் மற்றவர்கள் வாடையைப் பிடித்துக்கொண்டு மாமல்லபுரம் பறந்தபோது நான் கோவளத்தில் திரும்பினேன். எதிர்க்காற்றில் சின்ன வளையம். முதலில் கிண்டல் செய்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள்.

மலையைச் சோதித்தது ஏலகிரியில். அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் ஏழுக்குப் புலவர்கள் பெயர், அடுத்த ஏழுக்குக் கடையெழு வள்ளல்கள் பெயர். பழைய 28 பல்லோடு முன்பு ஏறியபோது வள்ளுவரைத் தாண்டுவதற்குள் தொடை கெஞ்சும். இப்போது முன்னாலும் 34 பல், பின்னாலும் 34 பல். பெடல் ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரே ஒரு சுற்று. பக்கத்தில் நடந்து போகிறவரோடு பேசிக்கொண்டு போகலாம் என்கிற வேகம். ஔவையார் வளைவில் முட்டி லேசாக முனகியது, மார்க் போட்டால் 2. பாரியில் தண்ணீர் குடித்தேன். பேகன் தாண்டும்போதும் 2-தான். மறுநாள் வீட்டுப் படியில் இறங்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கொல்லிமலையின் 70 வளைவுகளை இன்னும் தொடவில்லை. அங்கே மேலே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள், மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து என்று ஊர் முழுக்கப் பேச்சு. எழுபது வளைவு ஏறி முட்டியைக் கெடுத்துக்கொண்ட இடத்திலேயே மருந்தும் கிடைப்பது வசதிதான்.

300 போன தை மாதம் முடிந்தது. கெடுவுக்கு ஒரு மணி நேரம் மிச்சம் வைத்து வந்து சேர்ந்தேன், பெருமைப்பட ஒன்றுமில்லை. கடைசி ஐம்பது கிலோமீட்டரில் முட்டி 3-ஐத் தொட்டது, அங்கேயே நின்றது. இப்போது யோசனை கிராங்க் பற்றி. என் சைக்கிளில் இருப்பது 170 மில்லி. 165 போட்டால் பெடல் மேலே வரும்போது முட்டி அவ்வளவு மடங்காது, சில்லின் மேல் அழுத்தமும் குறையும். என்னைவிட உயரமான டூர் சாம்பியன் பொகாச்சாரே 165-க்கு வந்துவிட்டார் என்பது கடைக்காரர்களுக்கு நல்ல விளம்பரம். கிராங்க் ஐந்து மில்லி குறைந்தால் சீட்டை ஐந்து மில்லி ஏற்ற வேண்டும், டேப்பில் புதுக் கோடு போட வேண்டும், மறுபடி இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். பருவத்தின் நடுவில் அதைச் செய்வதாக இல்லை.

400-க்குப் பெயர் கொடுக்கச் சொல்லிக் குழுவில் செய்தி வந்தபோது, இந்த வருஷம் இல்லை, வேண்டுமானால் இன்னொரு 200 ஓட்டுகிறேன் என்று எழுதினேன். எங்கள் குழுவின் மூத்த அண்ணன் உடனே கூப்பிட்டார்.

‘நெசமாவே வரலியா?’

‘இல்லண்ணா. முட்டி 300-க்குத்தான் ஓகே சொல்லியிருக்கு.’

‘சரி விடு. அப்ப நைட்டு ரெண்டு மணிக்கு திண்டிவனம் கன்ட்ரோல்ல ஆள் வேணும். வந்து உக்காந்து கார்டுல சீல் குத்து.’